அளவு பார்க்காத திரையில் திருத்தப்படும் முகங்கள்

இலட்சக்கணக்கில் கொட்டிக் கமரா வாங்குகிறார்கள். அதற்கொரு வில்லை, போதாதென்று இன்னொரு வில்லை. அவை பிடித்துத் தரும் படத்தைத் திருத்துவதற்கு மட்டும், பெட்டியிலிருந்து எடுத்து வைத்த நாள்முதல் எவரும் அளவு பார்த்திராத கணினித் திரை போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பத்திரிகைக் காரியாலயங்களிலும் கலியாணப் படம் பிடிக்கும் ஸ்ரூடியோக்களிலும் நான் கண்ட வழக்கம் இது. சிக்கனம் என்பார்கள். நான் அலட்சியம் என்பேன்.

கடையில் அடுக்கிவைத்த திரைகளுள் தன்னுடையதே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கவலை. ஆகவே மிகுந்த பிரகாசத்தோடும் பெரும்பாலும் நீலம் கலந்த வெண்மையோடும் அதை அனுப்பிவைக்கிறார். படத் திருத்தத்துக்கு வேண்டிய பிரகாசம் சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலா வரை. பல திரைகள் பெட்டியிலிருந்து வரும்போதே 250ஐத் தொடுகின்றன. அந்த வெளிச்சத்தில் எந்தப் படமும் வெளிறியே தெரியும். திருத்துபவர் அதைக் கருமையாக்குவார். திரையில் சரி, தாளில் இருட்டு. பத்திரிகைத் தாளோ மையை உறிஞ்சும் தாள். 50 சதவீதமாக அனுப்பிய புள்ளி அதில் பரந்து 70 சதவீதத்தையும் தாண்டி அச்சாகும். ஏற்கெனவே இருண்ட படம் அங்கே மைக்கறையாகிவிடுகிறது.

இதில் அதிகம் அடிபடுவது நம்மவர் முகங்கள்தான். கருத்த முகத்தின் நுட்பமெல்லாம், கன்னத்தின் வளைவும் கண்ணோரச் சுருக்கமும், நிழலையொட்டிய சாயல்களிலேயே இருக்கின்றன. அவை அடைபட்டால் முகமே போயிற்று. மறுநாள் முறைப்பாடு வரும். உடனே கை தாராளமாக வெளிச்சத்தைக் கூட்டும். அதற்கடுத்த நாள் அச்சாகும் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். மரண அறிவித்தற் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்திரிகையில் ஒருவரின் கடைசிப் படம் அது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் ஏந்தியவை காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள். அந்தப் பிள்ளையின் முகம் பக்கத்தில் கறையாக வந்தால், அதை அச்சுக்கோளாறு என்று கடந்துபோகலாமா?

1994இல் ரைம் சஞ்சிகை ஓ. ஜே. சிம்சனின் முகத்தை அட்டையில் கருமையாக்கியது. அதே படத்தை நியூஸ்வீக் மாற்றாமல் வெளியிட்டதால் உலகமே இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டித்தது. அது தெரிந்து செய்தது. நாம் தெரியாமலேயே அதைத் தினமும் செய்கிறோம்.

"முப்பது வருட அனுபவம், என் கண்ணே அளவுகோல்" என்று ஒரு மூத்த வடிவமைப்பாளர் என்னிடம் சொன்னார். கண்ணை நான் பழிக்கவில்லை. மஞ்சள் மின்குமிழின் கீழும் நண்பகல் வெயிலிலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்டும் வல்லமை அதற்கு உண்டு. இந்த வேலையில் அந்த வல்லமையே வினை. பிசகிய திரைக்கும் அது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

"வாசகர்களின் திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், நாம் மட்டும் திருத்தி என்ன?" என்பது இன்னொரு வாதம். சந்தையில் ஒவ்வொரு தராசும் சற்றே பிசகியது என்பதற்காகப் படிக்கல்லை யாரும் கடலில் எறிவதில்லை. வாசகரின் திரைப் பிழை அவருடையது. அதன்மேல் நம்முடைய பிழையையும் ஏற்றி அனுப்ப நமக்கு உரிமையில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. ஸ்பைடர் போன்ற ஒரு சிறு அளவைக் கருவி, ஒரு நல்ல வில்லையின் விலையிற் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கினால் காரியாலயம் முழுவதற்கும் போதும். டிஸ்பிளேகல் என்ற மென்பொருள் இலவசம். திரையை அரை மணிநேரம் எரியவிட்டபின், கருவியை அதன்மேல் தொங்கவிட வேண்டும். இணையத்துக்கான படமென்றால் வெண்மை 6500 கெல்வின், காமா 2.2. மென்பொருள் காட்டும் நிறங்களைக் கருவி அளந்து முடித்ததும், அந்தத் திரைக்கேயுரிய நிறக்கோப்பு கிடைக்கும். யன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். (அதை அணைக்காமலே முன்பக்கப் படத்தைத் திருத்தியவரை நான் அறிவேன், பெயர் வேண்டாம்.) மாதமொருமுறை மீண்டும் அளந்தால் போதும்.

இந்த வருடமும் புதிய கமராவுக்கு நிர்வாகத்திடம் விண்ணப்பம் எழுதப்போகும் செய்தி ஆசிரியர்கள், கமராவுக்கு மேலே முதல் வரியாக இந்தக் கருவியை எழுதட்டும்.