எஸ்.எஸ்.டி. வாங்குமுன் எதைக் கேட்க வேண்டும்?

வீட்டிலுள்ள கணிப்பொறி மெதுவாக இயங்கத் தொடங்கினால் அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும் என்ற எண்ணம் இன்று பரவலாக வேரூன்றிவிட்டது. காரமடையில் என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் பலர், "சார், பையன் புதுசு கேக்கிறானுங்க. இதைத் தூக்கிப் போட்டுட்டு, கடனை உடனை வாங்கியாச்சும் ஒண்ணு எடுத்துடலாமுங்களா?" என்றே தொடங்குகின்றனர். பெரும்பாலும் நான் சொல்லும் விடை, "வேண்டாமுங்க" என்பதுதான். பழைய பொறியின் உள்ளே சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு திண்மநிலைச் சேமிப்பகத்தை, அதாவது கடைக்காரர்கள் சொல்லும் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினாலே போதும். ஆனால் எந்த எஸ்.எஸ்.டி.? இங்குதான் பணம் வீணாவதும், சில வேளைகளில் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் அழிந்துபோவதும் நேர்கின்றன. கடையில் நாம் கேட்கும் கேள்விகள் தவறானவை என்பது என் கருத்து. அதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மாணவர்களின் கைக்கு அப்பொறிகள் வந்து சேர்ந்தன. அக்காளோ அண்ணனோ பெற்ற அந்தப் பொறி இன்றும் பல வீடுகளில் பீரோவின் மேல் தூங்குகிறது. அதற்குள் இருப்பது சுழலும் வன்தட்டு. மடிக்கணினித் தட்டுகள் வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேவையான இடம் படிப்புமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும் என்று கொண்டால் ஐந்தரை மில்லி வினாடி ஆகிறது. முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர மேலும் பத்துப் பன்னிரண்டு மில்லி வினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு அறுபது முறைக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. கணிப்பொறி விழித்தெழும்போது இத்தகைய சிறு கோப்புகளையே ஆயிரக்கணக்கில் கேட்கிறது. அது மெதுவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதோ நகர்வதோ எதுவுமில்லை. ஒரு சிறு கோப்பை எடுக்க மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். வினாடிக்குப் பத்தாயிரம் முறை! நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைச் சாதாரண எஸ்.எஸ்.டி.யே தந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இது பின்னால் நமக்குப் பயன்படும்.

இதன் இயற்பியல் சுவையானது. 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவர், நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு மிதக்கும் மின்வாயில் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைக்கலாம் என்று காட்டினர். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா அக்கருத்தை வளர்த்து, 1984-இல் ஃப்ளாஷ் நினைவகத்தை அறிவித்தார். இன்று எஸ்.எஸ்.டி.க்களில் பயன்படும் நாண்ட் வகை 1987-இல் வெளிவந்தது. இப்போதைய சில்லுகளில் மிதக்கும் மின்வாயின் இடத்தைப் பெரும்பாலும் சிலிக்கான் நைட்ரைடு படலம் பிடித்துவிட்டது. அடிப்படை மட்டும் மாறவில்லை. ஏழெட்டு நானோமீட்டரே தடிமனுள்ள ஒரு காப்புச் சுவர். உயர்ந்த மின்னழுத்தம் தரும்போது எலெக்ட்ரான்கள் அச்சுவரைத் தாண்டிக் குதிப்பதில்லை, குவாண்டம் விதிப்படி அதனை ஊடுருவிச் செல்கின்றன. மின்னழுத்தத்தை நீக்கினால் உள்ளேயே தங்கிவிடுகின்றன. மின்சாரம் நின்றபின்னும் நினைவு நிலைப்பது இதனால்தான்.

ஆயினும் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் அச்சுவர் சிறிது பழுதடைகிறது. அதற்குள் சில எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. ஒரு டம்ளரில் பாதிக்கு ஒரு கோடு மட்டும் போட்டு, "கோட்டுக்கு மேலா, கீழா?" என்று கேட்டால் எவரும் சொல்லிவிடலாம். அதே டம்ளரில் பதினாறு அளவுகளைக் குறித்து, "எந்த அளவில் தண்ணீர் நிற்கிறது?" என்றால் சிறு கசிவும் விடையை மாற்றிவிடும். ஓர் அறையில் ஒரு பிட் வைப்பது முதல் வகை. மூன்று பிட் வைக்க எட்டு அளவுகள் வேண்டும். இதுவே டி.எல்.சி. நான்கு பிட் வைக்கப் பதினாறு அளவுகள் வேண்டும். இது கியூ.எல்.சி. ஒற்றைப் பிட் அறைகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும் என்பர். டி.எல்.சி. சில ஆயிரம் முறை தாங்கும். கியூ.எல்.சி. அதனினும் குறைவு. அறை ஒன்றுக்குப் பிட்டுகள் கூடக் கூட விலை இறங்குகிறது, ஆயுளும் இறங்குகிறது.

"அப்படியானால் இரண்டே ஆண்டில் தேய்ந்துவிடுமா?" என்று அஞ்ச வேண்டாம். கணக்கிட்டுப் பார்ப்போம். நாணயமான நிறுவனங்கள் தம் எஸ்.எஸ்.டி.யில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதை வெளிப்படையாக அறிவிக்கின்றன. டி.பி.டபிள்யூ. என்று அதைக் குறிப்பார்கள். கிங்ஸ்டன் ஏ400 என்னும் மலிவு வகையில் 240 ஜிகாபைட்டுக்கு அது 80 டெராபைட். நம் வீட்டுக் கணிப்பொறியில் நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதப்படுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 80,000-ஐ 20-ஆல் வகுத்தால் 4,000 நாள். ஏறக்குறைய பதினொரு ஆண்டு! சாம்சங் 870 ஈவோ 500 ஜிகாபைட்டுக்கு அறிவிக்கப்பட்ட அளவு 300 டெராபைட். அது 41 ஆண்டுக் கணக்காகிறது. ஆகவே பள்ளிப் பாடம், படங்கள், கடிதம் என்று பயன்படுத்தும் வீட்டில் தேய்மானத்தால் எஸ்.எஸ்.டி. சாவது அரிது. அது சாவது வேறு காரணங்களால்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2019 நவம்பரில் ஹியூலட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம், தான் விற்ற சில பெருங்கணிப்பணி எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி நேரம் இயங்கியவுடன் செயலிழந்துவிடும் என்றும், உள்ளிருந்த தகவலை மீட்க முடியாது என்றும் அறிவித்து, அவற்றின் உள்மென்பொருளை உடனே மாற்றும்படி வாடிக்கையாளரை எச்சரித்தது. அந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது 32,768. பதினாறு பிட்டில், குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு அடுத்த மணியில் எண்ணும் பெட்டி நிரம்பி வழிந்துவிடுகிறது. காப்புச் சுவர் தேயவில்லை, எலெக்ட்ரான் கசியவில்லை. மூன்று ஆண்டு, 270 நாள், எட்டு மணி நேரம் ஒழுங்காக உழைத்த பொருள் கூட்டல் கணக்கில் தவறியது! எஸ்.எஸ்.டி. என்பது வெறும் சில்லு அன்று. அதை ஆளும் ஒரு சிறு கணிப்பொறியும் அதற்குள் உள்ளது. அதை எழுதியவர் யார், பிழை கண்டால் திருத்தித் தருவாரா என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி.யை வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெட்டியில் 2 டெராபைட் என்று அச்சிட்டு, உள்ளே சிறு நினைவட்டை ஒன்றை ஒட்டி விற்பவர்களும் உண்டு. கொள்ளளவு கணிப்பொறித் திரையில் 2 டெராபைட் என்றே தெரியும், ஏனெனில் அதன் உள்மென்பொருள் பொய் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கும். உண்மையான அளவு நிரம்பியபின் நாம் எழுதுவதெல்லாம் காற்றில் எழுதியதாகிவிடும். எஃப்3 என்ற கட்டற்ற மென்பொருள் சேமிப்பகம் முழுவதும் எழுதி, மீண்டும் படித்து ஒப்பிட்டு இந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். வாங்கிய அன்றே, எதையும் பதியுமுன், ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள். சில மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

பெயர் பெற்ற நிறுவனம் என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. குரூஷியல் பி2 என்ற வகையில் முதலில் டி.எல்.சி. சில்லுகளை வைத்தவர்கள், பெயரை மாற்றாமலே கியூ.எல்.சி.க்கு மாறியது 2021-இல் வெளியாயிற்று. அதே ஆண்டு டபிள்யூ.டி. புளூ எஸ்.என்.550 வகையிலும் சில்லு மாற்றப்பட்டு, பெருங்கோப்புகளை எழுதும் வேகம் குறைந்தது தெரியவந்தது. ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று இரண்டு ஆண்டுக்கு முன் யாரோ எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு இன்று அதை வாங்குவதில் இப்படி ஓர் இடர் உள்ளது. உத்தரவாத ஆண்டும் டி.பி.டபிள்யூ. எண்ணும் நிறுவனம் எழுத்தில் தரும் வாக்கு. அவற்றையே நம்புங்கள்.

காந்திபுரத்துக் கடைகளில் முதலில் காதில் விழுவது வேகம். "இது 550, அது 3,500, இன்னொன்று 7,000" என்பார்கள். சாட்டா இணைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டில் நின்றுவிடும். என்.வி.எம்.இ. இணைப்பு பல ஆயிரத்தைத் தொடும். பொய்யில்லை. ஆனால் அது ஒரே பெருங்கோப்பை இடைவிடாமல் படிக்கும்போது கிடைக்கும் வேகம். கணிப்பொறி விழித்தெழ வேண்டிய சிறு கோப்புகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒன்றரை, இரண்டு மடங்குக்கு மேல் பொதுவாக வேறுபாடு இராது. வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு வந்தபோது கிடைத்த நூற்றைம்பது மடங்கு எங்கே, இது எங்கே! தவிரவும், பழைய மடிக்கணினியில் சாட்டா இணைப்பு மட்டுமே இருக்கும். புதிய பொறி என்.வி.எம்.இ. மட்டுமே ஏற்கும் என்றால் அதையே வாங்குங்கள், அதில் விவாதமில்லை.

பழைய பொறியில் விண்டோஸ் 11 ஏறாது என்பது மெய். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆனால் அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அது நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. எஸ்.எஸ்.டி. பொருத்தி, ஏதேனும் ஓர் இலேசான லினக்ஸைப் பதிந்து பாருங்கள்.

இனி மின்தடை. எஸ்.எஸ்.டி. தன் அறைகளில் எது எங்கே உள்ளது என்பதற்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அப்பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அது சிதைந்துவிடலாம். நிறுவனங்களுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த வகைகளில் அந்த ஒரு நொடியைத் தாங்க மின்தேக்கிகள் உண்டு. வீட்டு வகைகளில் பெரும்பாலும் இல்லை. 2012-இல் கொங்கு மாவட்டங்கள் பட்ட மின்வெட்டு இன்று இல்லை என்றாலும், இடி மழை நாளில் சட்டென்று போய் வருவது நிற்கவில்லை. மேசைக் கணிப்பொறிக்கு ஒரு யு.பி.எஸ். தேவை. மடிக்கணினியின் பேட்டரி செத்துப்போயிருந்தால் அதுவும் மேசைக் கணிப்பொறியைப் போன்றதே. விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி.க்குக் கூடுதலாகத் தரும் பணத்தை இதற்குச் செலவிடுவது மேல்.

எழுதி முடித்து, கழற்றி, பெட்டியில் பூட்டி வைப்பதற்கு எஸ்.எஸ்.டி. ஏற்றதன்று. எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும், வெப்பம் மிகுந்தால் விரைவாகக் கசியும். ஜெடெக் என்னும் தர அமைப்பின் விதி, வீட்டு எஸ்.எஸ்.டி. தன் எழுத்து ஆயுளை முடித்தபின் 30 டிகிரி வெப்பநிலையில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்றே கேட்கிறது. புதியது இதனினும் நெடுங்காலம் காக்கும். என்றாலும், பாட்டியின் அறுபதாம் கலியாணப் படமும் மாசி மாதத் தேரில் எடுத்த படமும் ஒரே ஓர் எஸ்.எஸ்.டி.யில் இருக்கலாகாது. கழற்றிய வன்தட்டை எறிந்துவிடாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. உறை ஒன்று கிடைக்கும். அதில் பழைய தட்டை இட்டால் இரண்டாம் பிரதிக்கு இடம் தயார். தகவலைக் காந்தப் புலமாக வைத்திருப்பதால் அதற்கு மின்னூட்டக் கசிவு என்ற கவலை இல்லை. ஆனால் அதுவும் வயதான பொருளே. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளால் அதன் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

கொள்ளளவு எவ்வளவு? இயங்குதளமும் பாடங்களும் மட்டும் என்றால் 240 அல்லது 256 ஜிகாபைட் போதும். குடும்பப் படங்களும் சேரும் என்றால் 500. எப்போதும் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட்டுவையுங்கள். இடமிருந்தால்தான் தேய்மானத்தை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிக்க உள்மென்பொருளால் முடியும். விலையை நான் இங்கே எழுதவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியில் சில்லு விலைகள் வெகுவாக ஏறின. அச்சாகி வருவதற்குள் மாறிவிடும் எண்ணை எழுதிப் பயனில்லை. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தன் வணிகப் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. முன்பே விற்றவற்றுக்கு உத்தரவாதம் தொடரும் என்றும் கூறியது. கடையில் மிச்சமிருக்கும் சரக்கைத் தள்ளுபடியில் தந்தால், உற்பத்தி நாளையும் உத்தரவாத எல்லையையும் பார்த்து வாங்குங்கள்.

மூன்று ஆண்டு உத்தரவாதமுள்ள டி.எல்.சி. வகை, எண் அறிவித்த நிறுவனம், நம் ஊரிலோ கோவையிலோ மாற்றித் தரும் இடம் இவை மூன்றும் அமைந்தால் நான் அதையே வாங்கச் சொல்வேன், பக்கத்தில் இருப்பது இரு மடங்கு வேகம் என்றாலும். இன்னொன்று: கடை ரசீது இப்போது பெரும்பாலும் வெப்பத்தால் கருக்கும் தாளில் வருகிறது. மையில்லாத அச்சு அது. வெயில் படும் மேசையில் கிடந்தால் ஓரிரு ஆண்டில் எழுத்து மங்கிவிடும், உத்தரவாதமோ மூன்று ஆண்டு! வீட்டுக்கு வந்ததும் அதை நகலெடுத்து, எஸ்.எஸ்.டி.யின் வரிசை எண்ணையும் அதன் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.