தறிக்கு உதவும் புத்தகம்

விதைநெல்லின் அளவறியாமல் எவரும் வயலில் இறங்குவதில்லை. இடம்பெயர்ந்த இடத்தில் கைத்தறி பழகும் குடும்பங்களுக்கும், அழகிய படப் புத்தகத்தை விட நூற்கணக்குச் சொல்லும் புத்தகமே முதலில் வேண்டும் என்பது எமது கருத்து.

40ஆம் இலக்க ஒற்றைப் பருத்தி நூல் இறாத்தலுக்கு 33,600 யார் வரும். அதையே இரண்டாக முறுக்கினால் ஏறத்தாழ 16,800 யார்தான். இதை அறியாமல் வாங்கினால் பாவுக்கு நூல் போதாது; கடன்பட்ட பணமும் முடங்கும்.

அமெரிக்கரான மார்கரீட் டேவிசன் 1944இல் வெளியிட்ட நெசவுக் கோலப் புத்தகம் புகழ்பெற்றது. ஆனால் அது நான்கு விழுதுச் சட்டங்கள் கொண்ட தறிக்குரியது. இரண்டே உள்ள தறிக்கு அதன் பெரும்பகுதி உதவாது.

ஆகவே, வாங்குமுன் உங்கள் தறியோடு ஒப்பிடுங்கள். பாவுக் கணக்கும், அறுந்த இழை முடியும் முறையும் உண்டா எனப் பாருங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினாலே போதும். பிள்ளைகள் உரத்து வாசிக்கட்டும்.