முயல் முதுகில் கெமிக்கல் சோதனை: குளிக்கிற சோப்புக்கு தடை... துவைக்கிற பவுடருக்கு?

ஹேர் டை பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். நிறைய பேர் படிக்காமலே குப்பையில் போட்டு விடுவார்கள். காதுக்குப் பின்னாலோ, கையின் உள்பக்கமோ கொஞ்சம் டையைத் தடவி 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும், அரிப்பு, எரிச்சல் இல்லாவிட்டால்தான் தலையில் போட வேண்டும் என்று அதில் இருக்கும். புருவத்திலும் இமை முடியிலும் போடக் கூடாது, பார்வையே போய் விடும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

இது கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு போட்டது அல்ல. பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனம் கலந்த டை என்றால் இப்படி எச்சரித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதன் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. முயல்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அந்தக் கதையில்தான்.

கண் போன பெண்கள்

1933-ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஒரு இமை மை விற்றது. இதே பி.பி.டி. வகை சாயம்தான். போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு கண் புண்ணாகி பார்வை போனது. ஒருவர் இறந்தே போனார். ஆனால் அந்த மையை கடையில் இருந்து எடுக்க அரசாங்கத்துக்கு அப்போது அதிகாரமே கிடையாது. அழகு சாமான்கள் எந்தச் சட்டத்திலும் வரவில்லை. 1938-ல்தான் புதுச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தாச்சு. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று எப்படி கண்டுபிடிப்பது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் வேலை பார்த்த ஜான் டிரெய்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் 1944-ல் ஒரு வழி சொன்னார்கள். அதுதான் 'டிரெய்ஸ் டெஸ்ட்'. கண்ணுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று.

தோல் சோதனை இப்படித்தான் நடக்கும். வெள்ளை முயலின் முதுகில் முடியை ஒட்ட வெட்டி விடுவார்கள். மறுநாள் அந்த இடத்தில் அரை மில்லி திரவம், பவுடர் என்றால் அரை கிராம், வைத்து மேலே காஸ் துணி போட்டு பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில் 24 மணி நேரம் அப்படியே இருக்கும். இப்போதைய சர்வதேச விதிப்படி 4 மணி நேரம். பிறகு எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்திலும், 24, 48, 72 மணி நேரத்திலும் பார்த்து மார்க் போடுவார்கள். சிவப்புக்கு 0 முதல் 4 வரை. வீக்கத்துக்கு 0 முதல் 4 வரை. புண் ஆறுகிறதா என்று 14 நாள் வரைகூட பார்ப்பதுண்டு.

முயலை ஏன் பிடித்தார்கள்? சாது. கத்தாது, கடிக்காது. வளர்ப்பதும் சுலபம். மனிதத் தோல் மாதிரியே இருக்கிறது என்பதால் அல்ல.

மார்க் போடுவதிலேயே குழப்பம்

இந்த சோதனையின் பெரிய ஓட்டையே இங்கேதான். சிவப்பா, லேசான சிவப்பா என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. 1971-ல் அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே ரசாயனங்களை அனுப்பி சோதிக்கச் சொன்னார்கள். ஒரு கூடம் கடுமையான எரிச்சல் என்றது. அதே சரக்கை இன்னொரு கூடம் ஒன்றும் பெரிதாக இல்லை என்றது.

முயல் தோல் மனிதத் தோலை விட சுலபமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். 2010-ல் ஐரோப்பாவில் வெளியான ஒரு ஆய்வில், முயலுக்கு எரிச்சல் தந்த 16 ரசாயனங்களை மனிதர்கள் கையில் ஒட்டிப் பார்த்தார்கள். நிஜமாகவே எரிச்சல் தந்தது 5 மட்டும்தான். மிச்ச 11-க்கு அந்த முயல்கள் பட்ட பாட்டுக்கு கணக்கே கிடையாது.

சட்டம் எது வரைக்கும்?

இந்தியா 2014 மே மாதம் அழகு சாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிக்க தடை போட்டது. அதே ஆண்டு நவம்பரில், வெளிநாட்டில் விலங்கிடம் சோதித்த அழகு சாமான்களை இறக்குமதி செய்யவும் தடை வந்தது. தெற்காசியாவில் இப்படிச் செய்த முதல் நாடு இந்தியா என்பது குறிப்பிடத்தக்கது. ஐரோப்பிய யூனியன் 2013 மார்ச்சிலேயே முழுத் தடைக்கு வந்து விட்டது.

ஆனால் 'அழகு சாதனம்' என்றால் உடம்பில் பூசுவது, தேய்ப்பது, தெளிப்பது. குளிக்கிற சோப்பு, ஷாம்பு, கிரீம், பவுடர் எல்லாம் அதில் வரும். துணி துவைக்கிற பவுடர், பினாயில், பாத்ரூம் கிளீனர், பெயிண்ட், பூச்சி மருந்து எதுவும் வராது. கிரீம் பூசுகிறவருக்கு அது தினம் இரண்டு நிமிஷம். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கும், சாயப்பட்டறையில் நிற்கிறவருக்கும், வயலில் மருந்தடிக்கிறவருக்கும் ரசாயனம் நாள் முழுக்க கையில்தான். அந்த சாமான்களுக்கு 2014 தடை எட்டாது.

சோதனையை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதமும் இந்தத் தொழிலாளிதான். முயலில் பார்க்காவிட்டால் தொழிலாளி கையில்தான் பார்க்க வேண்டி வரும் என்கிறார்கள். 2023 நவம்பரில் ஐரோப்பிய யூனியன் கோர்ட்டே இதை ஒட்டி ஒரு தீர்ப்பு சொன்னது. சிம்ரைஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் தயாரிக்கும் இரண்டு சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் அழகு சாமானுக்கு மட்டுமே பயன்படுபவை. ஆனாலும் தொழிற்சாலையில் அவற்றைக் கையாளும் தொழிலாளர் பாதுகாப்புக்காக விலங்கு சோதனை கேட்கலாம் என்று கோர்ட் சொல்லி விட்டது. அந்த வழக்கு நீண்ட கால நச்சு பற்றியது. தோல் எரிச்சல் பற்றியது அல்ல.

தோல் எரிச்சல் விஷயத்தில் 'முயலா, தொழிலாளியா' என்ற கேள்வியே இப்போது பழசாகி விட்டது. ஆபரேஷனில் நீக்கப்படும் தோலில் இருந்து செல்களை எடுத்து, சட்டை பட்டன் அளவுக்கு மனிதத் தோலையே வளர்க்கிறார்கள். அதன் மேல் ரசாயனத்தை விட்டு, கழுவி, 42 மணி நேரம் வைப்பார்கள். அப்புறம் ஒரு மஞ்சள் திரவம் ஊற்றுவார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதா நிறமாக்கி விடும். பாதிக்கு மேல் செத்திருந்தால் எரிச்சல் தரும் சரக்கு. மெஷினே அளந்து சொல்லும், கண்ணால் பார்த்து மார்க் போடும் வேலை இல்லை.

இந்த முறைக்கு சர்வதேச அங்கீகாரம் 2010-லேயே கிடைத்தாச்சு. சர்வதேச விதிப்படி நடக்கும் சோதனை முடிவை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒப்பந்தத்தில் இந்தியா 2011-ல் முழு உறுப்பினர் ஆனது. கடும் ஆசிட், கடும் காரம் என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம். பி.எச். அளவைப் பார்த்தாலே போதும் என்று முயல் சோதனை விதியிலேயே எழுதி இருக்கிறது!

பிரிட்டன் வைத்த கெடு

2025 நவம்பரில் பிரிட்டன் அரசு ஒரு திட்டம் வெளியிட்டது. தோல், கண் எரிச்சலுக்கும் தோல் ஒவ்வாமைக்கும் விதிக்காகச் செய்யும் விலங்கு சோதனைகளை 2026 முடிவுக்குள் நிறுத்துவது அதில் ஒன்று. சோப்பு, கிரீம் என்று பிரித்துப் பார்க்காமல் சோதனையின் பேரைச் சொல்லி கெடு வைத்திருக்கிறார்கள். இந்தியா 2023 மார்ச்சில் புது மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு இல்லாத முறைகளுக்கு வழி விட்டது. அது மருந்துக்கு. கிளீனருக்கும் பெயிண்டுக்கும் இப்படி ஒரு தேதி இந்தியாவில் சொல்லப்படவில்லை.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு அச்சாரம் போட்டவரே சென்னைக்காரர்தான். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவில் தனிநபர் மசோதா கொண்டு வந்து, அதைத் தொடர்ந்து 1960-ல் சட்டம் வந்தது. விலங்கு சோதனையைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு கூத்து. பெரிய விலங்குக்குப் பதில் கினி பன்றி, முயல், தவளை, எலி போதும் என்றால் அதையே பயன்படுத்தச் சொல்கிறது. மனிதத் தோலை பட்டன் அளவில் வளர்க்கலாம் என்று 1960-ல் யாருக்குத் தெரியும்?

மருந்தடிக்கிறவர் கைக்கு வருவோம். பூச்சி மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு கலர் இருக்கும். எவ்வளவு உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து என்ற கணக்கு அது. தோல் எரியுமா, எரியாதா என்பதை அந்தக் கலர் சொல்லாது. பச்சை என்றாலும் கை எரியலாம். அது தெரிய வேண்டும் என்றால் டப்பாவோடு வரும் மடித்த தாளைப் பிரித்து, பொடி எழுத்தில் தேட வேண்டும்.