உருகுவது கொழுப்பல்ல

கத்திரி வெயில் நாட்களில் விடிகாலை ஐந்தரை மணிக்குக்கூடத் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் தாரின் சூடு ஆறியிருக்காது. அக்னி லிங்கத்தைத் தாண்டி ரமணாசிரம வாசலை நெருங்கும்போது எதிரே ஒருவர் ஓடி வருவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. அவர் உடம்பில் மழைக்கோட்டு இருக்கும். கழுத்துவரை ஜிப்பை ஏற்றி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருப்பார். உள்ளே தேங்கிய வேர்வை அடிக்கு அடி சளக் சளக்கென்று கேட்கும். கையில் தண்ணீர் பாட்டில் கிடையாது. ஒருநாள் நிறுத்திக் கேட்டேன். "தண்ணி குடிச்சா குறைஞ்சதெல்லாம் திரும்ப ஏறிடும் சார்" என்றார். வயிற்றில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு நடக்கும் பெண்களும், ஒட்டுப் பட்டை வைத்த ரப்பர் பெல்ட் கட்டிய இளைஞர்களும் இந்தக் கிரிவலப் பாதையில் உண்டு. எல்லாரும் சொல்வது ஒன்றே: "வேர்க்கணும். வேர்த்தாத்தான் உடம்பு குறையும்."

இது தவறு. ஊரே சொல்கிறது, ஜிம் மாஸ்டர் சொல்கிறார், படித்தவர்களும் சொல்கிறார்கள் என்பதால் இது சரியாகிவிடாது. சாதாரணத் தவறு என்றால் சும்மா விட்டுவிடலாம். இது நடுச்சாலையில் ஆளைச் சாய்க்கக்கூடிய தவறு. அதனால்தான் இதைக் கண்டித்து எழுதுகிறேன்.

வேர்வை எதற்காக வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நடக்கும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் நடையாகிறது. மிச்சமெல்லாம் சூடாகிறது. அந்தச் சூடு உள்ளேயே தங்கினால் உடம்பு தாங்காது. அதனால் தோலில் உள்ள 20 முதல் 40 லட்சம் சுரப்பிகள் உடம்பின் நீரை எடுத்து வெளியே விடுகின்றன. அந்த நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. நம் வீட்டு மண்பானை இதே வேலையைத்தான் செய்கிறது. பானையின் வெளிப்புறத்தில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. பானை எவ்வளவு கசிந்தாலும் அதன் மண் குறைவதில்லை, குறைவது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். மறுபடி ஊற்றினால் நிறைந்துவிடும்.

இப்போது அந்தப் பானையைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். கசிவு ஆவியாக வழியில்லை, தண்ணீர் குளிராது. மழைக்கோட்டுக்காரர் செய்வது இதைத்தான். வேர்வை ஆறாகக் கொட்டுகிறது, ஆனால் எந்த வேலைக்காக வந்ததோ அந்த வேலையைச் செய்ய அதற்கு வழியில்லை. உடம்பு மேலும் சூடாகிறது, இன்னும் வேர்க்கிறது. அவரோ அதைப் பார்த்து, பலன் கூடுகிறது என்று மகிழ்கிறார்.

நம்மை ஏமாற்றுவதில் நம் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. கொழுப்பு 'உருகுகிறது', தொப்பை 'கரைகிறது' என்று பேசிப் பேசி, வாணலியில் நெய் உருகும் காட்சியை மனத்தில் பதித்துக்கொண்டோம். சூடு ஏற்றினால் உருகும், உருகினால் வழியும், வழிந்தது தோலில் வேர்வையாக நிற்கும் என்று அந்தக் காட்சி தானாகவே நீண்டுகொண்டு போகிறது. ஆனால் மனித உடம்பின் கொழுப்பு 37 டிகிரியில், அதாவது உடம்பின் இயல்பான சூட்டிலேயே, எண்ணெய் போல இளகிய நிலையில் செல்களுக்குள் இருக்கிறது. புதிதாக உருக அதில் ஒன்றும் இல்லை. வேர்வைச் சுரப்பிக்கும் கொழுப்புச் செல்லுக்கும் இடையே குழாய் ஏதும் கிடையாது. வேர்வை பெரும்பாலும் தண்ணீர். கூடவே உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் யூரியா. "கெட்ட நீர் வெளியேறுகிறது" என்பாரும் உண்டு. அந்த வேலைக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் இரவு பகலாக இருக்கின்றன.

அப்படியானால் குறையும் கொழுப்பு எங்கே போகிறது? மூச்சில் போகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். 10 கிலோ கொழுப்பு உடம்பில் முழுதாகச் செலவானால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அந்தச் சிறு பங்கு சிறுநீராகவும் வேர்வையாகவும் மூச்சின் ஈரமாகவும் போகும். கொழுப்பு செலவான பிறகே அந்தத் தண்ணீர் பிறக்கிறது, வேர்க்க வைப்பதால் கொழுப்பு செலவாவதில்லை. மீர்மனும் பிரவுனும் மருத்துவர்களையும் உணவு ஆலோசகர்களையும் பயிற்சியாளர்களையும் கேட்டபோதும் பெரும்பாலோர் தவறாகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் செங்கம் சாலையில் ஓடுபவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

நம் ஊர்க் கணக்கையே பார்ப்போம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதை நடந்து முடித்தால் ஏறத்தாழ 600 முதல் 700 கலோரி செலவாகும். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி. ஆக, ஒரு முழுக் கிரிவலத்தில் குறையும் கொழுப்பு 100 கிராமைக்கூடத் தொடாது. ஒரு பௌர்ணமியன்று கிளம்புமுன் வீட்டு எடைக் கருவியில் ஏறிப் பார்த்தேன், 76.4 கிலோ. சுற்றிவிட்டு வந்ததும் 75.1. மறுநாள் காலை 76.3. இடையில் குறைந்து கூடிய ஒன்றேகால் கிலோவும் தண்ணீர். கருவி பொய் சொல்லவில்லை. அது எடையைச் சொல்லும், குறைந்தது எது என்பதைச் சொல்லாது. இந்த நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த முள்தான். வேர்த்துவிட்டு வந்து ஏறுகிறவருக்கு அப்போதே சாட்சி கிடைத்துவிடுகிறது. மறுநாள் அது வாபஸ் ஆவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "நேத்து ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டுட்டேன்" என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள்.

கொஞ்சம் படித்தவர்கள் வேறொரு வாதம் வைப்பார்கள். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு லிட்டர் வேர்வை தோலில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. உண்மை. "பார், ஒரு லிட்டர் வேர்த்தால் 580 கலோரி போச்சு" என்பார்கள். அந்த வெப்பம் ஏற்கெனவே இருந்த வெப்பம். ஒரு பங்கு நம் தசை உழைத்ததில் வந்தது, மறு பங்கு வெயிலும் தரையும் கொடுத்தது. வேர்வை அதைச் சுமந்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் வேர்வை கொட்டும். தாம்பரத்தில் நெரிசல் பஸ்ஸில் நிற்பவருக்கும் கொட்டும். அதற்காக அவர்கள் இளைப்பதில்லை.

அடுத்தது கைக்கடிகாரம். வெயிலில் ஓடினால் கடிகாரம் கூடுதல் கலோரி காட்டுகிறதே என்பார்கள். அது இதயத் துடிப்பை வைத்துப் போடும் மதிப்பீடு. சூட்டில் இதயம் வேகமாகத் துடிப்பது, தோலைக் குளிர்விக்க அங்கே ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால். கால் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. இன்னும் சொல்லப்போனால் வெயிலில் சீக்கிரம் களைத்து, வழக்கமான தூரத்தைக் கடக்காமலே நின்றுவிடுகிறோம். மழைக்கோட்டு அணிந்தவர் யமலிங்கத்தோடு திரும்பிவிடுகிறார். அணியாமல் நடந்திருந்தால் அடி அண்ணாமலை வரை போயிருப்பார். எது அதிகக் கொழுப்பைச் செலவழித்திருக்கும்?

மெரினாவில் காலையில் அரைமணி நேரம் ஓடுபவர் சட்டை பிழியப் பிழிய நனையும், கடற்காற்றின் ஈரத்தில் வேர்வை ஆவியாகாமல் நிற்பதால். அதே ஓட்டத்தைக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடினால் முதுகு லேசாக ஈரமாகும். செலவு ஏறத்தாழ ஒன்றுதான். வேர்வையின் அளவைத் தீர்மானிப்பதில் ஊரின் காற்றுக்கும், உடம்பின் பருமனுக்கும், பழக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு. நன்றாகப் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரருக்குச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வேர்க்கும், அவர் உடம்பு குளிர்விக்கப் பழகிக்கொண்டதால். ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே வானிலை என்றால், அதிகம் உழைத்த நாளில் அதிகம் வேர்க்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு சிறு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான், உழைக்காமல் வேர்க்க வைக்கும் பெல்ட்டை விற்கிறார்கள்.

வேர்வையால் எடையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்டில் நாடே பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் ஆகஸ்ட் 6 காலை எடைச் சோதனையில் தேறி, மூன்று போட்டிகளிலும் வென்று இறுதிக்கு வந்தார். போட்டிகளுக்கு இடையே சக்திக்காகச் சாப்பிட்ட கொஞ்சமும் குடித்த கொஞ்சமும் சேர்ந்து அன்று மாலை எடை சுமார் 2.7 கிலோ கூடியிருந்தது. இரவெல்லாம் ஓட்டம், நீராவி அறை, முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம் மிச்சம். தகுதி போனது, உடம்பில் நீர் வற்றிச் சிகிச்சையும் தேவைப்பட்டது. அவர் உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு குறையவே இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரே நாளில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏறி இறங்கியதே, அது கொழுப்பா? மல்யுத்தக்காரர்கள் இதைக் கொழுப்பு என்று நினைத்துச் செய்வதில்லை. நீரை வற்றவைத்து எடைச் சோதனையைத் தாண்டுகிறோம் என்று தெரிந்தே செய்கிறார்கள். அந்தத் தந்திரத்தைத்தான் நம் ஊரில் உடம்பு இளைக்கும் வழி என்று எடுத்துக்கொண்டோம்.

அதற்கும் முன்னால் 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், ஐந்து வார இடைவெளிக்குள், மூன்று வெவ்வேறு மாநிலங்களில் இறந்தார்கள். மூவரும் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். காற்றுப் புகாத உடையை அணிந்து, தண்ணீரைக் குறைத்து, சூட்டில் பயிற்சி செய்தவர்கள். அதற்குப் பிறகு அந்த உடைகளை அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் தடை செய்தார்கள். அதே வகை உடையும் பெல்ட்டும் இங்கே எந்தக் கேள்வியும் இல்லாமல் விற்பனையாகின்றன. வாங்குகிறவர்கள் இருபது வயது வீரர்களும் அல்லர். ஐம்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள். உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்து. அப்போது கோட்டைக் கழற்றி, நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும்.

வேர்வையை இழிவாக நினைத்து இதை எழுதவில்லை. நம் அப்பா அம்மாக்களின் வேர்வை வயலில் விழுந்துதான் நாம் வளர்ந்தோம். உழைத்தால் வேர்க்கும் என்பது அவர்களுக்கு அன்றாட உண்மை. காய்ச்சல்காரருக்கு வேர்த்துவிட்டால் "இனி பயமில்லை" என்று வீட்டில் மூச்சுவிடுவோம். சித்த மருத்துவத்தில் வேது பிடிப்பது ஒரு சிகிச்சை. இத்தனை நல்லது வேர்வையோடு ஒட்டியிருப்பதால்தான் அதன்மேல் வைத்த நம்பிக்கை இதற்கும் நீண்டுவிட்டது. ஆனால் நம் பெற்றோர் வேர்ப்பதற்காக உழைக்கவில்லை. களத்துமேட்டில் கஞ்சிக் கலயமும் நீர்மோரும் எப்போதும் இருந்தன.

இந்த நம்பிக்கையால் விளையும் இன்னொரு கேட்டை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, வயது ஐம்பத்தெட்டு, மூட்டு வலி. ஆடியிலிருந்து தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார். மார்கழி வந்ததும் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "என்னா தம்பி, ஒரு சொட்டு வேர்வை இல்ல. அப்புறம் எதுக்குக் குளிர்ல நடக்கணும்?" என்றார். அவர் எடையில் ஒருவர் தினம் ஐந்து கிலோமீட்டர் நடந்து, சாப்பாட்டைக் கூட்டாமல் இருந்தால், மாதத்துக்கு முக்கால் கிலோ அளவில் உண்மையான கொழுப்பு போகும். அதில் ஒரு கிராமும் குளிரால் குறையாது. ரத்தச் சர்க்கரைக்கும் மூட்டைத் தாங்கும் தசைக்கும் கிடைக்கும் பலன் வேறு. வேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அத்தனையையும் விட்டுவிட்டார். கோட்டுக்காரருக்கு ஆபத்தைக் கொடுத்த அதே நம்பிக்கை, இவரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது.

நாங்கள் நடப்பதோ மெல்ல நடப்பதற்கென்றே பேர்பெற்ற பாதை. நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் அரசி அடியெடுத்து வைப்பதுபோல் மலையைச் சுற்ற வேண்டும் என்பது இங்கே வழிவழியாக வந்த மரபு. ரமணரும் அதையே சொல்வார். தொடக்க காலத்தில் அவர் அன்பர்களோடு சுற்றக் கிளம்பினால் இரவு முழுதும் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அவர் உடம்பு இளைக்கச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், இதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்கவும் இல்லை. ஆனால் மெல்ல நடந்தாலும் 14 கிலோமீட்டர் 14 கிலோமீட்டர்தான். அதே உடம்பை அதே தூரம் சுமந்து போகும் செலவில், கொஞ்சம் மெதுவாகப் போவதால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

இதையெல்லாம் அக்காவிடம் மண்பானையைக் காட்டியே சொன்னேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப இவ்ளோ நாளு வேர்த்ததெல்லாம் தண்ணியா?" என்று இரண்டு முறை கேட்டார். தண்ணீர்தான், ஆனால் நடந்தது நடந்ததுதான் அக்கா என்றேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். நாளைக் காலை ஐந்து மணிக்கு ஆசிரம வாசல் புளியமரத்தடியில் காத்திருக்க வேண்டும். கோட்டுக்காரரும் அந்நேரம் அந்த வழியே வருவார். இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.