பெரிய நிறுவனத்தில் வேலை: நன்மையா, தீமையா?

ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அப்பொழுது அருவிக்கரைக் கடைகளில் நிற்க இடமிராது. சீசன் முடிந்ததும் அதே கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்று மாத வருமானத்தைக் கொண்டு பன்னிரண்டு மாதங்களை ஓட்டும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல. எனவேதான், "நீயாவது படித்து ஒரு பெரிய கம்பெனியில் உட்கார்ந்துவிடு" என்று எங்கள் பெற்றோர் கூறுகின்றனர்.

"எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று எங்கள் வகுப்பில் அருட்சகோதரி கேட்டபோது, எங்களுள் பெரும்பாலோர் அதையே விடையாகக் கூறினோம். "ஏன்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வகுப்பே அமைதியாயிற்று. பின்னர் நாங்கள் கூடிப் பேசிக் கண்ட விடையையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் நன்மைகளைக் காண்போம். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். சேமநல நிதி பிடிப்பார்கள். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் எங்கள் அன்னையர்கூட, பி.எப். உள்ள கம்பெனியையே நாடுகின்றனர். சட்டப்படி தாய்மார்களுக்கு 26 வாரம் வரை சம்பள விடுப்பு உண்டு. பத்துப் பேர்கூட இல்லாத சிறு கடைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. பெண்களாகிய நமக்கு இது சிறிய நன்மையன்று.

முன்பு இத்தகைய வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1996இல் தொடங்கப்பெற்று இன்று சோகோ என வழங்கும் மென்பொருள் நிறுவனம், 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அது 2005இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தோரையும் டிப்ளமோ படித்தோரையும் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கின்றனர். பட்டம் இல்லாதவருக்கும் கதவு திறக்கும் என்பதை எங்கள் ஊரிலேயே கண்டோம்.

இனிக் குறைகள். எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் பணிபுரிகிறாள். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், "மூன்று வருஷமாக ஒரே சின்ன வேலைதான் பார்க்கிறேன். வேறு இடத்தில் போய் எனக்கு இது தெரியும் என்று சொல்லப் பயமாக இருக்கிறது" என்றாள். ஐந்து பேர் வேலை பார்க்கும் இடத்திலோ கொள்முதல், கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாவற்றையும் ஒருவரே கற்றுக்கொள்ளலாம்.

பெரியது என்பதனால் நிலையானது என்றும் சொல்வதற்கில்லை. திருப்பெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலையிழந்தோரில் இளம்பெண்கள் மிகப் பலர்.

நம் மலைத்தொடரிலேயே உள்ள மாஞ்சோலையை எண்ணிப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பம்பாய் பர்மா கம்பெனி தேயிலைத் தோட்டம் அமைத்தது. தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தனர். குத்தகை முடியும் 2028க்கு முன்னரே, 2024இல், கம்பெனி அவர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. ஆதலால் வேலை போனதும் வீட்டையும் விட வேண்டிய நிலை வந்தது.

அப்படியானால் பெரிய நிறுவனமே வேண்டாவா? நாங்கள் அவ்வாறு கூறவில்லை. சேரலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி இருத்தல் கூடாது. எங்குச் சென்றாலும் செல்லுபடியாகும் ஒரு தொழில் நம் கையில் இருக்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி நம் பெயரில் சேர வேண்டும். தலைசாய்க்க நமக்கென ஓர் இடம் வேண்டும்.

அன்புப் பெற்றோரே! இன்னும் சில மாதங்களில் நாங்கள் பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். "எந்தக் கம்பெனி?" என்று எங்களிடம் கேட்கிறீர்கள். "அங்கே என்ன கற்றுக்கொள்வாய்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஊரார் கேட்டால் கம்பெனியின் பெயரைச் சொல்வது பெருமைதான். ஆனால் அந்தப் பெயர் போனாலும் எங்களுடன் நிற்கப்போவது நாங்கள் கற்ற தொழிலே.

தோழியரே! சாரல் என்றும் நில்லாது என்பதைக் குற்றாலத்துக் கடைக்காரர் அறிவர். அதனால் சீசனிலேயே சேர்த்து வைக்கின்றனர். மாதச் சம்பளம் வாங்கப் போகும் நாமும் அதை மறவாதிருப்போமாக!