மாமாவுக்குத் தெரியாதா?

உங்கள் வீட்டில் இரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர் இருக்கலாம். மாமனார் என்றே வைத்துக்கொள்வோம். ஊறுகாய் ஜாடியை அவர் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வைக்கிறீர்கள். மறு நிமிஷம், "அந்த மாவடு எங்கேம்மா?" என்று குரல் வருகிறது. உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னது மாமாவுக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். அடுத்த வீட்டுக்காரருக்கு அதையே உபதேசம் செய்பவர் அவர்தான்!

ஆகவே, சகோதரிகளே, இது அறியாமை அல்ல. இரத்தக் கொதிப்பு பல்வலி போல் வலிப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஓர் அறிகுறியும் காட்டுவதில்லை. அப்பளத்தின் ருசியோ இந்த நிமிஷமே நாக்கில் நிற்கிறது. என்றோ வரக்கூடிய பக்கவாதத்துக்கும் இலையில் இருக்கும் அப்பளத்துக்கும் வழக்கு நடந்தால், ஜெயிப்பது அப்பளந்தான்.

நம் பேச்சைத்தான் கவனியுங்களேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறோம். நன்றி கெட்டவனுக்கு உப்பிட்டவரை நினைவூட்டுகிறோம். ரோஷமில்லாதவனை, "உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா?" என்று கேட்கிறோம். இப்படி நன்றியிலும் மானத்திலும் உப்பைக் கரைத்து வைத்துவிட்டு, திடீரென்று ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் சப்பென்ற ரசத்தை நீட்டினால், அது அவருக்கு மருந்தாகவா தோன்றும்? தண்டனையாகத்தான் தோன்றும். பக்கத்தில் மற்றவர்கள் மோர் மிளகாயைக் கடிக்கும் ஓசை வேறு! சமைத்தவளுக்கும் கெட்ட பெயர்.

இந்தத் தனிக் கிண்ணந்தான் வினை என்பது என் அபிப்பிராயம்.

பின்லாந்து தேசத்தில் வட கரேலியா என்று ஒரு பகுதி. அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் ஏராளமாக மாண்டுகொண்டிருந்தார்கள். 1972-ல் அதைத் தடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. டாக்டர் பெக்கா புஸ்காவின் குழுவினர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. 'மார்த்தா' என்ற இல்லத்தரசிகள் சங்கத்தைத் துணைக்கு அழைத்தார்கள். அந்தப் பெண்மணிகள் கிராமங்களில் கூட்டம் கூட்டி, வழக்கமான பண்டங்களையே கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்து, எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். புகை பிடிப்பதும் குறைந்தது. சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் அங்கே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

நமக்கும் கணக்கு ஒன்றுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்; சாம்பார், ரசம், இட்லி மாவு, மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேருகிறது; அதிலும் சோடியம் உண்டு. கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம்.

நாக்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் கலகம் செய்யும். வீட்டில் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும். பிறகு பழைய அளவே கரிக்கும். பிரகடனம் மட்டும் வேண்டாம். "இன்றைக்கு உப்பு குறைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாயசத்தில்கூட உப்பு போதவில்லை என்பார்கள்!