மிச்சம் எவ்வளவு?

உலகத்தில் கழற்றுவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. டேபிள் ஃபேன், மிக்ஸி, சுவர்க் கடிகாரம்... ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கையில் கிடைத்தால் போதும், நம்மில் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து நியூஸ்பேப்பரில் பரப்பிவிடுவோம். மாட்டுவதற்குத்தான் ஆளைக் காணோம்!

கார் ரிப்பேர் புத்தகங்களும் இதற்கு உடந்தை. கழற்றுவதற்குப் படம் போட்டு, நம்பர் போட்டுப் பக்கம் பக்கமாக விளக்கம். மாட்டுவதற்கு ஒரே வரி... கழற்றியதற்குத் தலைகீழ் வரிசையில் மாட்டவும். முடிந்தது! அபிமன்யுவுக்குச் சக்கர வியூகம் சொல்லிக்கொடுத்தவரும் இந்தப் புத்தகத்தைத்தான் படித்திருப்பார் போல.

என் மைத்துனனிடம் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1983-ல் வந்து, 2014-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. பழைய அம்பாஸடரில் முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். தள்ளுவதைப் பின் சக்கரம் பார்த்துக்கொள்ளும். மாருதியில் அந்தச் சலுகை இல்லை. கல்யாண வீட்டில் சமைத்தவரே பந்தியும் பரிமாறுகிற மாதிரி, முன் சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து சக்கரம் வரை போகிற டிரைவ் ஷாஃப்ட், அதனால்தான் வளைந்துகொண்டே சுற்ற வேண்டியிருக்கிறது. இந்த அதிசயத்துக்கு 1920-களில் வழி கண்டவர், ஃபோர்டு கம்பெனி இன்ஜினீயர் ஆல்ஃபிரட் ஷெப்பா. குழிந்த கிண்ணத்துக்குள் ஆறு எஃகு உருண்டைகள், அவ்வளவுதான் சூட்சுமம். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. அப்புறம் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் போதும், 'டக்... டக்... டக்' என்று ஜோசியக்காரன் உடுக்கை கேட்கும்!

மைத்துனன் வண்டியில் கேட்டது.

"வேற ஷாஃப்ட் வாங்கிட்டேன் மாமா. நாமே மாட்டிடலாம்!"

பி.காம். படித்தவனைக் கார் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறான் பாருங்கள். ஆனால் போனேன். காரணம் இருக்கிறது. பின் சீட்டில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் டாட்டா காட்டிப் போகிறவள் அவன் மூன்று வயது மகள், என் மருமகள். கழற்ற அவன் போதும். மாட்டுவதற்குக் கணக்கு எழுத ஒருவன் வேண்டாமா?

எழுதினேன். கழற்றிய ஒவ்வொரு நட்டும் பற்று; மாட்டிய ஒவ்வொன்றும் வரவு. எதிர் வீட்டுப் பெரியவர், பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர், ஈஸிசேரைக் கொண்டுவந்து போட்டு டைரக்டராகிவிட்டார். முதல் உத்தரவே அபாரம். "தம்பி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதே. ஸ்டாண்டு வை. பின் சக்கரத்துக்குக் கட்டை குடு."

"கியர்ல போட்டிருக்கேனே பெரியவரே!"

"ஷாஃப்டைக் கழட்டினப்புறம் கியர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்?"

கழற்றுவது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கியர் ஆயிலை வடித்து, ஹப் நட்டை எடுத்து, கீழே பால் ஜாயின்ட்டைப் பிரித்து ஷாஃப்டை உருவியாயிற்று. கதையே இனிமேல்தான்.

ஷாஃப்டின் உள் முனையில் ஒரு காடி. அதில் மோதிரம் மாதிரி ஒரு கம்பி வளையம், சர்க்ளிப். கியர் பாக்ஸுக்குள் போனதும் அது விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டினால் 'க்ளிக்' என்று கேட்கும். கேட்கவில்லை. மைத்துனன் மூன்று தடவை தள்ளிவிட்டுச் சுத்தியலைத் தேடினான்.

"அதைக் கீழே போடு தம்பி! மரையில அடிச்சா நட்டு ஏறாது. ஷாஃப்டு சாய்ஞ்சு போனா ஆயில் சீல் கிழியும். அப்புறம் தினமும் வாசல்ல எண்ணெய்க் கோலம்தான்."

பழைய சர்க்ளிப்பை எறிந்துவிட்டுப் புதுசு போடச் சொன்னார். ஒரு சொட்டு கிரீஸ் வைத்து அதை நடுவில் நிறுத்தி, சீல் உதட்டிலும் ஆயில் தடவி, பல்லுக்குப் பல் பார்த்து, ஷாஃப்டை மட்டமாகப் பிடித்து ஒரே தள்ளு... க்ளிக்! நல்ல செய்தி சொல்லும் போன் மணிகூட அவ்வளவு இனிமையாக இருக்காது. ஜாயின்ட்டின் உடம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. (ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஜாயின்ட்டே பிரிந்து கையோடு வரும்.)

இது பூட்டாமல் நழுவினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு பக்கம்தானே, இன்னொரு சக்கரம் இழுக்கும் என்று நினைக்காதீர்கள். டிஃபரன்ஷியல் நம்ம ஆபீஸ் மாதிரி. சுமையில்லாமல் சும்மா சுற்றுகிற பக்கத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடும். வண்டி நகராது!

அடுத்து ஹப் நட். பல கார்களில் இதன் முறுக்கு 150 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பதினைந்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட கனம். "டைட்டா இருக்கு மாமா" என்பது அளவு அல்ல. டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி, அவன் பிரேக்கை மிதிக்க, வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு முறுக்கினோம். நட் இறுகும் வரை வண்டியை உருட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

கடைசியாக நட் கழலாமல் காக்கிற ஸ்பிளிட் பின். மைத்துனன் பழசையே நிமிர்த்தி எடுத்து வந்தான். "இதுவே நல்லாத்தானே இருக்கு?"

ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி, அடுத்த வளைவில் எப்போது ஒடியும் என்று சொல்லிக்கொண்டு ஒடியாது. புதுசின் விலை ஒரு டீக்குக்கூடக் காணாது. பின் சீட்டைக் காட்டினேன். பேசாமல் கடைக்குப் போனான்.

கியர் ஆயிலை லெவல் ஓட்டை வரை நிரப்பினோம். நோட்டைக் கூட்டினேன். ஒரு போல்ட் மிஞ்சினாலும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு மூட முடியாது சார்... இங்கே அது சஸ்பென்ஷன் போல்ட்டாக இருக்கும்! ஐந்தொகை அழகாக டேலி ஆயிற்று. தெருமுனையில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினான். உடுக்கை போய்விட்டது.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை பூரா என் தம்பியோட உருண்டு புரண்டீங்களே, மிச்சம் எவ்வளவு?"

"ஒரு பழைய சர்க்ளிப், ஒரு பழைய ஸ்பிளிட் பின்" என்றேன்.